பெயர் சொல்லாத மன்றாட்டு

வைகாசி 18க்கு முதல் வந்த ஞாயிறு. எங்களில் ஒருவரின் பங்குக் கோயிலில் இளையோர் பொறுப்பெடுத்த பூசை. விசுவாசிகள் மன்றாட்டு எழுதுற வேலை எங்கட தலையில். ஐந்தில் நாலை வழமை மாதிரி எழுதினோம்: திருத்தந்தைக்காக, நாட்டுத் தலைவர்களுக்காக, நோயாளருக்காக, சோதனை எழுதுற பிள்ளைகளுக்காக. ஐந்தாவதில் யுத்தத்தில் கொல்லப்பட்ட, காணாமல் ஆக்கப்பட்ட அந்தப் பங்கு ஆக்கள் பதினெட்டுப் பேரின் பெயர்களை எழுதினோம். ரெண்டு கிழமை வீடு வீடாய்ப் போய், பெரியாக்களிட்டக் கேட்டு எடுத்த பெயர்கள்.

பூசைக்கு முதல் தாளை வாங்கிப் பார்த்த சுவாமி பெயர்களுக்கு மேல் ஒரு கோடு இழுத்தார். "பிள்ளையள், கோயிலுக்க அரசியல் வேண்டாம். பொதுவாச் சொல்லுங்கோ."

பொதுவாச் சொன்னோம். யுத்தத்தில் இறந்த அனைவருக்காகவும், நாட்டின் சமாதானத்துக்காகவும் என்று ஒரே வசனம். சனமும் வழமையான பதிலைச் சொன்னது. பதினைந்து செக்கனில் எல்லாம் முடிந்தது.

அந்தச் சுவாமியோடு எங்களுக்குக் கோபம் இல்லை. அவருக்கும் பயம் இருக்கும், மேலே பதில் சொல்ல ஆக்கள் இருக்கும். எங்கட சண்டை அந்தப் 'பொதுவா'வோடு.

செத்தவரின் பெயரைக் கோயிலில் வாசிப்பது புதிய விசயமா? ஒவ்வொரு நாளும் பூசைக் கருத்து வாசிக்கினம். இன்னாரின் 31ஆம் நாள், இன்னாரின் முதலாம் ஆண்டு நினைவு. வருத்தம் வந்து செத்தவருக்கும், விபத்தில் செத்தவருக்கும் பெயர் இருக்கு. பொம்பர் போட்டுச் செத்தவருக்கு மட்டும் ஏன் 'அனைவரும்'?

இன்னொன்றையும் கேட்கிறோம். மன்னார் மறைசாட்சிகளை இன்றைக்கும் நினைவுகூருகிறோம். 1544இல் மன்னாரில் கிறிஸ்தவர்களாகியவர்கள் கொல்லப்பட்டார்கள். கொல்வித்தது யார் என்பதையும் மறைக்கல்வி வகுப்பில் சொல்லித் தந்தார்கள்: யாழ்ப்பாண அரசன் சங்கிலி. யாரும் அதை அரசியல் என்று சொல்லவில்லை. 480 வருசத்துக்கு முந்தின கொலையில் கொன்றவரின் பெயரும் சொல்லலாம். 1995இல் நடந்ததில் செத்தவரின் பெயரே சொல்லக்கூடாதாம்.

1995 யூலை 9. இராணுவம் வலிகாமத்தில் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கையைத் தொடங்கிய நாள். ஷெல்லுக்குப் பயந்து ஓடிவந்த சனம் நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்து முருகன் கோயிலிலும் இளைப்பாறியது. பின்னேரம் விமானப்படை குண்டு போட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு அதை வெளியில் சொன்னபோது அரசுக்குக் கோபம் வந்தது அந்த அறிக்கையில்தான். அதற்கு முதலே, 1993 நவம்பரில் குருநகர் சென். யேம்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்தது. 1999 நவம்பர் 20 இரவு மடுக்கோயில் வளவில் ஷெல் விழுந்து, தஞ்சம் புகுந்திருந்த சனத்தில் நாற்பதளவில் செத்தார்கள், பிள்ளைகளும் அதில் அடக்கம். யார் அடித்தது என்று ரெண்டு தரப்பும் மற்றத் தரப்பைக் கைகாட்டின. மடு மாதாவின் பரிபூரண ஆசீர் பெற ஆவணியில் லட்சக்கணக்கில் போறம். அந்த வளவில் என்ன நடந்தது என்று எங்கட வயதுப் பெடியள் எத்தனை பேருக்குத் தெரியும்?

திருச்சபை ஒன்றுமே செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். 1985 தை மாதம் வங்காலையில் மேரி பஸ்ரியன் அடிகள் கொல்லப்பட்டார். 2006 ஓகஸ்டில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகள் காணாமல் போனார். மனித உரிமைக்காக வேலை செய்த கருணாரட்ணம் அடிகள் 2008 ஏப்ரலில் வன்னியில் கிளைமோரில் கொல்லப்பட்டார். பிரான்சிஸ் ஜோசப் அடிகள் 2009 மே 18இல் சரணடைந்தவர்களோடு இராணுவத்திடம் போனார், இன்றுவரை இல்லை. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு 2011 தையில் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கு முன்னால் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கச்சேரிக் கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. அரச கட்டுப்பாட்டுக்குள் வந்தவர்கள் 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது? கச்சேரியின் இலக்கத்திலிருந்து செய்த ஒரு கழித்தல் கணக்கு. அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை.

ஆக, பேசின சுவாமிமார் இருந்தார்கள். அவர்களின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அவர்கள் பேசினதைப் பேசினால் 'அரசியல்' என்கிறோம்.

இனி எங்கட பக்கத்துக்கு வருவம்.

அன்றைக்குப் பூசை முடிய ஒரு அம்மம்மா வந்தா. கோடு போட்ட தாளைத் தாங்கோ பார்ப்பம் என்று வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு பெயராய் வாசிச்சா. திருப்பித் தந்துபோட்டுக் கேட்டா: "என்ர பேரன்ர பேர் எங்க?"

அவன் வலைஞர்மடத்தில் பிடிபட்டவன். 2009இல் அந்தத் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த இளம் ஆக்களைப் புலிகள் வலுக்கட்டாயமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோயிலுக்குள் இருந்தால் தப்பலாம் என்று தாய்மார் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள். அதே கோயில் வளவில் ஏப்ரலில் இராணுவத்தின் ஷெல் விழுந்து ஒரு குருவானவர் காலை இழந்தார். ஒரே கோயில், ரெண்டு கொடுமை. எங்கட தாளில் ஒன்றுதான் இருந்தது.

வீடு வீடாய்ப் போனபோது அந்தப் பெயர் எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று சொல்லமுடியாது. கிடைத்தது. 'இது இப்ப வேண்டாம், பிரச்சினை வரும்' என்று நாங்களே விட்டோம். சுவாமி பேனையால் போட்ட கோட்டை நாங்கள் அதற்கு முதலே மனதில் போட்டிருந்தோம். அம்மம்மாவுக்குச் சொல்ல எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறோம். முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்யும்போது நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேணும் என்று பாடமாக்கினோம். பாவங்களை நினைத்துப் பார்க்கவேண்டும், மனஸ்தாபப்படவேண்டும், இனிச் செய்வதில்லை என்று தீர்மானிக்கவேண்டும், வாய்விட்டு அறிக்கையிடவேண்டும், அபராதத்தை நிறைவேற்றவேண்டும். 'பொதுவாப் பாவம் செய்தேன் சுவாமி' என்று சொன்னால் ஏழு வயசுப் பிள்ளையைக்கூட விடமாட்டினம். என்ன செய்தாய் என்று கேட்பினம். ஆனால் நாட்டுக்கு வந்தவுடன் முதல் நாலையும் விட்டுப்போட்டு நேரே 'நல்லிணக்கம்' என்கிறோம். அரசு அப்படிச் சொல்வது விளங்குது, அதுக்கு அது வசதி. பாவசங்கீர்த்தனத் தொட்டி வைத்திருக்கிற திருச்சபை அப்படிச் சொல்லலாமா?

அறிக்கையிடுவது என்றால் எல்லாரும்தான். குண்டு போட்ட அரசும், பிள்ளை பிடித்த புலிகளும், 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனம் துரத்தப்பட்டபோது வாய் திறக்காமல் இருந்த எங்கட வீட்டு ஆக்களும். எதிர்த்துப் பேசினவர்கள் இருந்தார்கள். பேசாதவர்கள்தான் கனக்க.

'காயத்தைக் கிண்டாதேங்கோ' என்பது எங்களுக்குச் சொல்லப்படும் அடுத்த புத்திமதி. உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்கு எதைக் காட்டினார்? ஆணி பாய்ந்த கையையும் குத்தின விலாவையும். சாவை வென்ற உடம்பிலேயே காயம் இருந்ததென்றால், எங்கட காயத்தை மட்டும் ஏன் சேலைத் தலைப்பால் மூடவேண்டும்?

'தெற்கிலும் கத்தோலிக்கர் இருக்கினம், அவையின்ர மனம் நோகும்' என்றும் சொல்லுவினம். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் குண்டு வெடித்தபோது எங்கட மனமும் நொந்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்த பிள்ளைகளுக்காகவும் அழுதோம். 2021 மார்ச்சில் தெற்கின் கோயில்களில் 'கறுப்பு ஞாயிறு' நடந்தது. அடுத்த வருசம் கர்தினால் ஜெனீவா வரைக்கும் போய் நீதி கேட்டார். சரியான வேலை, நாங்கள் அந்தப் பக்கம்தான். ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் அதே ஜெனீவாவுக்குப் போனால் அது அரசியலாகிவிடுகிறது. உண்மை கேட்பது நீர்கொழும்பில் விசுவாசம், முல்லைத்தீவில் அரசியல் என்றால், நாங்கள் ஒரே திருச்சபைதானா?

எங்கட கோரிக்கை பெரிசில்லை. ஒவ்வொரு பங்கும் தன்ர மரணப் பதிவேட்டைத் திறக்கட்டும். யுத்த காலத்தில் யார் செத்தது, எப்படிச் செத்தது, யாருக்குக் கல்லறை இல்லை என்று ஒரு பட்டியல் எழுதட்டும். பதிவேடு எரிந்த இடங்களில் பெரியாக்கள் இருக்கினம். அவை போகமுதல் போய்க் கேட்கலாம். ஓடித்திரிய இளையோர் நாங்கள் இருக்கிறோம். யார் கையால் செத்தாலும் பெயர் பட்டியலில் வரட்டும். பிறகு வருசத்தில் ஒரு நாள், ஒரு பூசையில், அந்தப் பெயர்களை முழுசாய் வாசிக்கட்டும். புனிதர் பிரார்த்தனை பாட நேரம் இருக்கிற கோயிலில் இதுக்கும் நேரம் இருக்கும்.

எங்கட தாளில் இப்ப பத்தொன்பது பெயர். அம்மம்மா தன்ர கையால எழுதித் தந்த பெயர் கடைசியில் இருக்கு. அடுத்த வைகாசிக்கும் கொண்டுபோவம். கோடு போட்டால் மற்ற வருசமும் கொண்டுபோவம். ஆனால் எந்தப் பெயருக்கும் நாங்களாய்க் கோடு போடமாட்டம்.