யாழ்ப்பாணம் பக்கம்தான், போவதுதான் தூரம்!

திருச்சி ஏர்போர்ட்டுக்கும் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்துக்கும் இடையே எவ்வளவு தூரம்? வான்வழியில் அளந்தால் சுமார் 185 கிலோ மீட்டர். சென்னைகூட இதைவிட நூறு கிலோ மீட்டர் அதிகம்!

ஆனால் இந்தப் பக்கத்து ஊருக்குப் போய்வர ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல.

ராத்திரி பஸ்

யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் திருச்சியில் தங்கை மகள் கல்யாணத்துக்கு வரவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தெற்கே கொழும்பு பக்கம் ஓடவேண்டும். ராத்திரி பஸ்சில் ஏறினால் 7, 8 மணி நேரம். விடியக்காலை கட்டுநாயக்கா. அங்கே சோதனை, காத்திருப்பு. அப்புறம் ஒரு மணி நேரம் பறந்து திருச்சி. தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதைதான்!

2019 அக்டோபர் 17-ந் தேதி பலாலி, சர்வதேச விமான நிலையம் ஆனது. அடுத்த மாதமே சென்னைக்கு விமானம் வந்தது. 2020-ல் கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2022 டிசம்பர் 12-ந் தேதிதான் மறுபடி பறந்தது. அதிலும் சென்னையில் இறங்கி, திருச்சிக்கு ரெயிலில் இன்னொரு 5 மணி நேரம்.

2025 மார்ச் 30-ந் தேதிதான் இண்டிகோ நிறுவனம் திருச்சியில் இருந்தே நேரடி விமானம் விட்டது.

22 நிமிடமா, 1 மணியா?

இந்த வழியில் பறப்பது ஏ.டி.ஆர். விமானம். மணிக்கு 500 கிலோ மீட்டர் வேகம் போகும். அப்படிப் பார்த்தால் 22 நிமிடத்தில் போய்விடலாமே? முடியாது. முழு வேகம் எடுப்பதற்குள் இறங்கும் நேரம் வந்துவிடும். ஓடுபாதையில் ஊர்ந்து போவதும் சேர்ந்து, டைம்டேபிளில் ஒரு மணி நேரம் என்று போடுகிறார்கள்.

ஒரு மணி நேரம் என்பதும் ஆகாயத்து கணக்குதான். மூன்று மணி நேரம் முன்னதாகவே ஏர்போர்ட்டில் நிற்கவேண்டும். குடியுரிமை, சுங்கம் என்று இரண்டு பக்கமும் வரிசை. பலாலியில் இறங்கி யாழ்ப்பாணம் டவுனுக்கு வேறு போகவேண்டும். வீட்டுக்கு வீடு எப்படியும் ஐந்தாறு மணி நேரம் ஆகிப்போகும். இருந்தாலும் கட்டுநாயக்கா வழிக்கு இது பாதிகூட இல்லை. மூட்டுவலியோடு வருகிற வயதான அம்மாக்களுக்கு இது பெரிய காரியம்.

பலாலியில் பெரிய ஜெட் இறங்க ஓடுபாதை போதாது. எழுபத்துச் சொச்சம் சீட்டு உள்ள விமானம்தான். கூட்டம் சேராவிட்டால் இந்த மாதிரி வழிகளை நிறுத்திவிடுவது விமான கம்பெனிகளுக்குப் புதிது அல்ல. நாகப்பட்டினம்-காங்கேசன்துறை கப்பலும் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பலை நம்ப முடியாது.

கொட்டப்பட்டு

திருச்சி ஏர்போர்ட்டுக்கு பக்கத்திலேயே இருக்கிறது கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாம். விமானம் கிளம்பும் சத்தம் அங்கே நன்றாகவே கேட்கும்.

ஆனால் முகாம்களில் இருப்பவர்களில் பலர் சண்டைக்கு பயந்து படகேறி வந்தவர்கள். பாஸ்போர்ட் கிடையாது. பணம் இருந்தாலும் நினைத்த நாளில் டிக்கெட் எடுத்துவிட முடியாது. இலங்கை துணைத் தூதரகத்தில் பயண ஆவணம் வாங்கவேண்டும். நம் அரசாங்கத்திடம் வெளியேறும் அனுமதியும் வாங்கவேண்டும். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவில் இருந்து ஆரம்பிக்கவேண்டும்.

அதற்காக அவர்கள் கலெக்டர் ஆபீசுக்கும் சென்னைக்கும் அலைகிறார்கள். அந்தச் சென்னை, யாழ்ப்பாணத்தைவிட நூறு கிலோ மீட்டர் அதிக தூரம்!