ஐந்து பேர் வேண்டாம். மூன்று பேர் போதும்!

கூடைப்பந்து ஆட்டத்தில் பந்து ஒன்று. பக்கத்துக்கு 5 பேர் வீதம், ஆடுகிறவர்கள் 10 பேர்.

பெரியவர்களுக்கு அது சரி. பத்து வயதுப் பிள்ளைகளை அப்படி ஆட விட்டால் என்ன ஆகிறது? உயரமான பையன் ஒருவன் பந்தைப் பிடித்துக்கொள்கிறான். தரையில் தட்டிக்கொண்டே ஓடுகிறான். மற்றவர்கள் அவன் பின்னால் ஓடுகிறார்கள். மணி அடித்துவிடுகிறது. பந்தைத் தொடாமலேயே வீட்டுக்குப் போகிற பிள்ளைகளும் உண்டு. "எனக்கு விளையாட்டு வராது" என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது.

விளையாட்டு வராமல் என்ன? பந்துதான் கைக்கு வரவில்லை!

சின்னப் பிள்ளைகளுக்கு ஐவர் ஆட்டமே வேண்டாம் என்பது என் கருத்து. பாதி மைதானத்தில் பக்கத்துக்கு 3 பேர் ஆடட்டும். சட்டத்தையும் கொஞ்சம் மாற்றி ஆடட்டும்.

தட்டக் கூடாது!

"பந்தைத் தரையில் தட்டக் கூடாது." இந்த ஒரு சட்டத்தை மட்டும் போட்டுப் பாருங்கள்.

இப்போது அந்த உயரமான பையன் என்ன செய்வான்? பந்தோடு ஓட முடியாது. யாருக்காவது கொடுத்தே ஆகவேண்டும். கொடுப்பதற்கு, தலை நிமிர்ந்து நாலு பக்கமும் பார்க்க வேண்டும். மற்ற இருவரும் சும்மா நின்றால், எதிர்ப் பக்கத்தார் மறித்துக்கொள்வார்கள். ஆகவே அவர்கள் காலியான இடத்துக்கு ஓடுவார்கள். "இடம் பார்த்து ஓடு" என்று பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தியும் நடக்காத காரியம், தானாக நடந்துவிடும்.

கூடைப்பந்து பிறந்த கதையே இப்படித்தான். 1891-ம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு என்ற ஊரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, தம் மாணவர்களை ஆட வைத்தார். அவர் எழுதிய சட்டங்கள் 13. பந்தோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்தில் இருந்தே எறிய வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வழி அடைபட்ட ஆட்டக்காரர்கள் சும்மா இருந்தார்களா? பந்தைத் தரையில் போட்டு, தாங்களே மறுபடி பிடித்தார்கள்! தட்டிக்கொண்டு ஓடும் வித்தை அப்படிப் பிறந்ததுதான்.

நம் தெருப் பிள்ளைகளுக்கும் இது தெரியும். "மதில் சுவரைத் தாண்டினால் அவுட்" என்று கிரிக்கெட்டில் சட்டம் போட்டுக்கொள்கிறார்கள். பந்தைத் தரையோடு அடிக்கப் பழகிவிடுகிறார்கள். (பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடிதான் அங்கே பயிற்சியாளர்.)

புள்ளிக் கணக்கு

மூவர் ஆட்டம் இப்போது ஒலிம்பிக்கிலேயே இருக்கிறது. 2021-ம் ஆண்டு டோக்கியோவில் முதன்முதலாகச் சேர்த்தார்கள். ஒரே கூடை. 10 நிமிட ஆட்டம். அதற்குள் 21 புள்ளி எடுத்தவர்களுக்கு வெற்றி. பந்து கிடைத்த 12 விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். ஐவர் ஆட்டத்தில் 24 விநாடி.

ஐவர் ஆட்டத்தில் வளைகோட்டுக்கு வெளியே இருந்து போட்டால் 3 புள்ளி, உள்ளே இருந்து போட்டால் 2. மூவர் ஆட்டத்தில் வெளியே 2, உள்ளே 1. அதாவது, தூரத்தில் இருந்து போட்டால் இரட்டிப்பு லாபம்! லாபம் இருக்கிற பக்கம்தானே ஆட்டமும் போகும்?

இதை அப்படியே சின்னப் பிள்ளைகளுக்கு வைப்பது தவறு. அவர்கள் கையில் வலு இல்லை. இடுப்பில் இருந்து பந்தைத் தூக்கி வீசுவார்கள். எறியும் முறையே கெட்டுப்போகும். பெரியவர்களின் வளையம் 3.05 மீட்டர் உயரம். சிறுவர் கூடைப்பந்தில் 2.60 மீட்டர்தான்; பந்தும் சிறியது. உயரத்தைக் குறைத்த நாம், புள்ளிக் கணக்கையும் மாற்ற வேண்டாமா?

மூன்று பேர் கையும் பட்ட பிறகு கூடையில் விழுந்தால் 2 புள்ளி என்று வையுங்கள். பந்து தொடாத பிள்ளைக்கு அன்றே மவுசு வந்துவிடும். எதிர்ப் பக்கத்தாரும் சாமான்யப்பட்டவர்களா? மூன்றாவது ஆளைத்தான் ஓடி மறிப்பார்கள். அவள் அவர்களை ஏய்த்து ஓட வேண்டியிருக்கும். இரண்டு தரப்புக்கும் மூளைக்கு வேலை!

ஆனால், ஒரே சட்டத்தை மாதக் கணக்கில் பிடித்துக்கொண்டு இருக்கக் கூடாது. தட்டாமலே ஆடிப் பழகிய பிள்ளை, எதிரில் ஆள் வந்தால் தாண்டத் தெரியாமல் நிற்கும்.

கோப்பை எங்கே?

"பள்ளிப் போட்டி ஐவர் ஆட்டம்தானே? கோப்பை வேண்டாமா?" என்று கேட்பார்கள்.

உயரமான ஒரு பையனை வைத்துப் பத்து வயதில் கோப்பை வாங்கிவிடலாம். பதினைந்து வயதில் மற்றவர்களும் வளர்ந்துவிடுவார்களே! அப்போது அவனுக்குப் பந்தைக் கொடுக்கத் தெரியாது. மற்றவர்களுக்கு வாங்கத் தெரியாது. பதின்மூன்று, பதினான்கு வயதில் ஐவர் ஆட்டத்துக்குப் போனால் ஒன்றும் குறைந்துவிடாது. முழு மைதானத்தில் பாய்ந்து ஓடித் தாக்குவதை அங்கே கற்றுக்கொள்ளட்டும்.

ஒரு மைதானத்துக்கு இரண்டு வளையம் இருக்கிறது. வளையத்துக்கு 6 பேர் ஆடினால், ஒரே நேரத்தில் 12 பிள்ளைகள் ஆடலாம். அதற்குப் பள்ளிக்கூடம் வாங்க வேண்டியது இன்னொரு பந்து.