நெஞ்சு இறுகுகிறது என்று சொல்லத் தெரிய வேண்டும்

கேரளத்தில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு மலையாளம் ஓரளவு கைவந்த மொழிதான். கடைத்தெருவிலும் பஸ்ஸிலும் தட்டுத்தடுமாறுவதில்லை. மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும்தான் சிக்கல் தொடங்குகிறது. ஆஸ்துமா விஷயத்தில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

மலையாளத்தில் ஆஸ்துமாவை 'வலிவு' என்பார்கள். "குட்டிக்கு வலிவுண்டோ?" என்று மருத்துவர் கேட்டால், நம் தாய்மார் காதில் அது 'வலி' என்றோ 'வலிப்பு' என்றோ விழும். "ஐயோ, அதெல்லாம் கிடையாது" என்று பதறிச் சொல்லிவிடுவார்கள். நம் சொற்களும் லேசுப்பட்டவை அல்ல. 'இளைப்பு' என்றால் பிள்ளை மெலிந்துவிட்டதோ என்று படும். 'நெஞ்சடைப்பு' என்றால் மாரடைப்பு நினைவுக்கு வரும். 'சளி கட்டியிருக்கு' என்றால் இருமல் மருந்தோடு திரும்ப வேண்டியதுதான்!

சென்ற டிசம்பரில் சில குடும்பங்களாகச் சேர்ந்து பொன்முடி போயிருந்தோம். 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இறங்கினால் ஒரே மூடுபனி. ஓடியாடிக்கொண்டிருந்த எட்டு வயதுப் பையன் ஒருவன் திடீரென்று உட்கார்ந்துவிட்டான். என்னடா என்றால், "சட்டை இறுக்கமா இருக்கு மாமா" என்கிறான். போட்டிருந்ததோ தொளதொளவென்று அண்ணனுடைய ஸ்வெட்டர்! மலையேறிய களைப்பு என்றனர் பெரியவர்கள். அவன் தாயார் மட்டும் புரிந்துகொண்டு கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டான். அங்கிருந்த எல்லோரிலும் நோயைச் சரியாக வர்ணித்தவன் அந்தப் பையன்தான் என்பேன்.

ஏனென்றால் ஆஸ்துமாவின் இறுக்கம் பெரும்பாலும் வலியாகத் தெரிவதில்லை. குளிர்காற்றோ தூசியோ ஓட்டமோ பட்டதும் மூச்சுக்குழாய்த் தசைகள் சுருங்கி, உட்சுவர் வீங்கி, சளியும் சேருகிறது. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வர முடிவதில்லை. மார்பில் கயிறு கட்டியதுபோல, கல் ஏற்றியதுபோல இருக்கும். 'கொய்ங்' என்ற சத்தம் இல்லாமலும் இது வரலாம். வீட்டார் ஏமாறுவது இங்கேதான்.

எனவே "நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்வது போதாது. எப்போது வருகிறது, விடியற்காலையில் தூக்கத்தைக் கலைக்கிறதா, எதைச் செய்தால் கூடுகிறது, இன்ஹேலருக்கு அடங்குகிறதா என்று சொல்ல வேண்டும். இன்ஹேலருக்கும் அடங்காமல், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால் வர்ணனைக்கு நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரிதான். பெரியவர்களுக்கு இறுக்கத்தோடு வியர்த்துக் கொட்டி, இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும் அப்படியே; அது இதயமாக இருக்கலாம்.

நம் சங்கம் ஆண்டுவிழாவுக்கு வரும் மருத்துவர்களுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்புவதோடு நிற்கிறது. 'வலிவு', 'ஸ்வாசம் முட்டல்' போன்ற சொற்களைத் தமிழ் விளக்கத்தோடு ஒரே தாளில் அவர்களிடம் எழுதி வாங்கி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுக்கலாமே. அச்சுச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.