'எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு'... பீரியட்ஸில் அதிக ரத்தப்போக்கு: மகளுக்கு எந்த டெஸ்ட் எடுக்கணும்?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதி அரசுப் பள்ளி மாணவிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கிடைக்கிறது. புதுயுகம் திட்டத்தில் நாப்கினும் இலவசம். ஆனாலும் சிலருக்கு ஹீமோகுளோபின் ஏறவே மாட்டேங்குது. ஏன்?

தொட்டியில் தண்ணீர் ஊத்திக்கிட்டே இருக்கோம். அடியில் ஓட்டை இருக்கான்னு பார்க்கிறதில்லை. அந்த ஓட்டை, ரத்தம் உறைவதில் உள்ள பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம்.

எது 'அதிகம்'?

* ரத்தப்போக்கு 7 நாளைத் தாண்டுவது
* ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் நனைந்து மாற்ற வேண்டியிருப்பது
* ஏறக்குறைய 10 ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டிகள் வெளியேறுவது
* ராத்திரி எழுந்து நாப்கின் மாற்றுவது, படுக்கை நனைவது
* தலைசுற்றல், மூச்சு வாங்குதல், ரத்த சோகை

'வயசுக்கு வந்த புதுசுல அப்படித்தான்' என்பது பாதி உண்மை. முதல் ஓரிரு ஆண்டுகள் ஹார்மோன் சீராகாததால் தேதி தள்ளிப்போகும். ரத்தப்போக்கு கூடுவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். ஆனால், அதிக ரத்தப்போக்கு உள்ள டீன் ஏஜ் பெண்களில் 5-ல் ஒருவர் வரை ரத்த உறைதல் குறைபாடு இருக்கலாம் என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல்.

அம்மாவின் ஆறுதலே ஒரு தடயம்

'எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, பாட்டிக்கும் அப்படித்தான்' என்று வீட்டில் சொல்வது பயத்தைப் போக்கத்தான். ஆனால், டாக்டருக்கு அதுவே முக்கியத் தகவல். இந்தக் குறைபாடுகள் குடும்பத்தில் தொடர்பவை.

இதில் அதிகம் காணப்படுவது வான் வில்லிபிராண்ட் நோய். பின்லாந்து டாக்டர் எரிக் வான் வில்லிபிராண்ட் 1926-ல் இதை முதலில் விவரித்தார். அவர் ஆராய்ந்த குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, தனது நான்காவது மாதவிடாயில் ரத்தம் நிற்காமல் 13 வயதில் இறந்துபோனாள். இன்று இதற்கு மருந்து இருக்கிறது, கண்டுபிடிப்பதில்தான் தாமதம்.

நம்ம ஊருக்கு இன்னொரு கோணமும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன் என உறவுக்குள் நடக்கும் திருமணங்களில், கிளான்ஸ்மான் குறைபாடு, வான் வில்லிபிராண்ட் நோயின் கடுமையான மூன்றாம் வகை போன்றவை பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது.

ரிப்போர்ட் நார்மல்னா நிம்மதியா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். லேப்பில் எடுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இந்த நோய் இருக்கலாம். வான் வில்லிபிராண்ட் புரதத்தின் அளவு, அதன் செயல்திறன், ஃபேக்டர் 8 ஆகியவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும். மன அழுத்தம், காய்ச்சல் நேரத்தில் இந்தப் புரதம் தற்காலிகமாக உயரும் என்பதால், ஒரு டெஸ்ட் நார்மல் என்று வந்தாலும் டாக்டர் மறுபடி எடுக்கச் சொல்லலாம்.

எங்கே போவது?

முதலில் பக்கத்து அரசு மருத்துவமனையில் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் ரத்தவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அம்பத்தூர், ஆவடிக்காரர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை.

போகும்போது கையில் கொண்டுபோக வேண்டியது ஒரு தாள்: எத்தனை நாள், தினம் எத்தனை நாப்கின், அடிக்கடி மூக்கில் ரத்தம் வருமா, பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்க நேரமானதா, குடும்பத்தில் யாருக்கு இதே பிரச்னை.

சிகிச்சை என்ன?

டிரானெக்ஸாமிக் அமிலம், ஹார்மோன் மாத்திரை, தேவைப்பட்டால் டெஸ்மோபிரசின் அல்லது உறைதல் புரத ஊசி என்று டாக்டர் முடிவு செய்வார். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்த வேண்டாம். வயிற்று வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் வாங்கித் தராதீர்கள். அவை ரத்தப்போக்கை அதிகமாக்கலாம்.

மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து, மகளுக்கு மயக்கமும் வந்தால், காலை வரை காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.