அந்தத் தெருவில் உப்பு போட்டது யார்?

புலம்பெயர்ந்தோர் கவிதையில் பனி வந்தாலே தனிமை என்று உரையெழுதிவிடுகிறோம். வகுப்பிலும் அதையே ஒப்பிக்கிறோம். ரொறன்ரோவில் தெரு உறைந்தால் முதலில் தேடப்படுவது தனிமை அன்று, உப்பு. ஹியூரான் ஏரிக்கு அடியில், ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில், கோட்ரிச் சுரங்கம் 1959 முதல் கல்லுப்புத் தருகிறது. 2018இல் அங்கே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர்; அடுத்து வந்த குளிர்காலத்தில் உப்புக்கும் அதன் விலைக்கும் ஒப்பந்தக்காரர்கள் திண்டாடினர். சுழியத்திற்குக் கீழே பத்துப் பாகையைத் தாண்டினால் உப்பின் வேகம் குன்றும். பிறகு மணலும் பொடிக்கல்லுந்தான், அதுவும் கால் வழுக்காதிருக்க மட்டும்.

உமணர் வண்டியைச் சங்கப் பாடல்களில் கொண்டாடும் நாம், விடியுமுன் உப்பு லாரி ஓட்டுபவரை ஏன் இலக்கியத்திற்கு வெளியே நிறுத்துகிறோம்? தூத்துக்குடி அளத்தில் கண்கூச உப்பு வாருபவருக்கும் இதே கதிதான். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிக’ளுக்கு நம் பாடத்திட்டத்தில் எத்தனை மணி நேரம் கொடுத்தோம்?

அதற்காக உப்பைத் தெய்வமாக்கவும் வேண்டா. சாலையுப்பு சுற்றுச்சூழலுக்கு நஞ்சு என்று கனடா அரசின் மதிப்பீடே 2001இல் கூறிவிட்டது. உருகிய பனியோடு அது ஓடையிலும் நிலத்தடி நீரிலும் சேர்கிறது. குமாரலிங்கபுரத்தில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. உவர்க்கிணற்றில் வாளி இறக்கியவர்கள் நாம். (திறனாய்வாளர் பலர் இறக்கியதில்லை, அது வேறு.)

அடுத்த கருத்தரங்கில் ‘பனிப் படிமம்’ என்று கட்டுரை வாசிக்க வருவோரிடம் ஒன்று கேட்கப்போகிறோம்: ஐயா, அந்தத் தெருவில் உப்பு போட்டது யார்?