ஜெயித்தும் முகம் சுளிப்பானேன்?

தோற்றவன் அழுவான், ஜெயித்தவன் சிரிப்பான். இதுதானே உலக வழக்கம்? ஆனால் ஜெயித்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்காருகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரி ஃபுட்பால் பார்க்கிறவர்களைத்தான் சொல்கிறேன். "அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! பிள்ளையின் பிராகிரஸ் ரிப்போர்ட் வருகிற அன்று பல வீட்டுக் கூடங்களில் நடக்கிற கூத்துக்கும் இதற்கும் ரொம்பக் கிட்டின உறவு.

முதலில் அந்த விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பெயர்தான் ஃபுட்பால், காலுக்கு அதில் வேலை கொஞ்சம்தான். உரித்த தேங்காய் மாதிரி இரண்டு முனையும் கூம்பின பந்து. அதைக் கையால் வீசுவார்கள், நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். ஒரு பக்கத்துக்கு 11 பேர். தலையில் கவசம், தோளில் அட்டை. நாலு வாய்ப்புக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். இல்லாவிட்டால் பந்து எதிராளிக்குப் போய்விடும். எல்லைக்குள் கொண்டு சேர்த்தால் 6 புள்ளி, அதன்பின் உதைத்துக் கம்பத்துக்கு நடுவே அனுப்பினால் இன்னும் 1. தூரத்திலிருந்தே உதைத்து அனுப்பினால் 3. கல்லூரிப் பையன்கள் ஆட்டம்தானே, யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று நினைக்கிறீர்களா? மிச்சிகன் பல்கலைக்கழகத்து மைதானத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம். அடேயப்பா!

2024-ல் என் தங்கையின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக ஆரிகன் மாநிலத்தில் பீவர்ட்டன் என்ற ஊரில் சில மாதங்கள் இருந்தேன். அங்கிருந்து தெற்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் யூஜீன் என்ற ஊர். அங்கேதான் ஆரிகன் பல்கலைக்கழகம். அவர்கள் அணிக்குப் பெயர் வாத்துகள்! பச்சையும் மஞ்சளும் அவர்கள் நிறம். ஆகஸ்ட் 31, சனிக்கிழமை, அந்தப் பருவத்தின் முதல் ஆட்டம். சொந்த மைதானத்தில் ஐடஹோ பல்கலைக்கழகத்தோடு. மறுநாள் காலை குழந்தையைப் பார்க்கப் பக்கத்து வீட்டு அம்மாள் வந்தார். அவர் பிள்ளை அந்தக் கல்லூரியில்தான் படிக்கிறான். அம்மாளின் முகம் களையே இல்லை.

"நேற்று உங்கள் பக்கம் ஜெயித்ததாமே?" என்றேன் மரியாதைக்கு.

"ஜெயித்தோம். அதை ஜெயிப்பு என்று வெளியே சொல்லிக்கொள்ளலாமா, அதுதான் தெரியவில்லை" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் போனதும் தங்கைதான் விளக்கினாள். "அக்கா, 24-க்கு 14 என்று ஜெயிச்சாங்க. ஆனா ஐடஹோ ஒரு படி கீழே உள்ள பிரிவிலே ஆடற டீம். இவங்க நாட்டிலேயே மூணாவது. பாதி ஆட்டத்திலேயே ஊதித் தள்ளியிருக்கணும்னு எதிர்பார்த்தாங்க. பத்துப் புள்ளி வித்தியாசம்தான்னா மானம் போன மாதிரி!"

வேடிக்கை அதோடு முடியவில்லை. அங்கே பத்திரிகைக்காரர்கள் வாரா வாரம் ஓட்டுப் போட்டு முதல் 25 அணிகளுக்கு வரிசை எண் கொடுப்பார்கள். 1936 முதல் நடக்கிற வழக்கம் அது. அந்த ஆட்டத்துக்குப் பிறகு ஆரிகன் 3-ஆம் இடத்திலிருந்து 7-ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டது. அடுத்த சனிக்கிழமை, செப்டம்பர் 7, மறுபடியும் சொந்த மைதானம். பாய்ஸி ஸ்டேட் என்ற அணியோடு 37-க்கு 34 என்று, கடைசி விநாடியில் பந்தை உதைத்துப் பிழைத்தார்கள். 9-ஆம் இடம்! இரண்டு ஆட்டம், இரண்டு வெற்றி. இறங்கினது ஆறு படி. "ஜெயிக்கிறது போதாது, ஜெயிக்கிறதைப் பார்க்கிறவங்க ஒத்துக்கணும்" என்றாள் தங்கை. புகுந்த வீட்டில் முதல் தீபாவளி கொண்டாடின பெண்களுக்கு இது நன்றாகவே புரியும்!

இன்னொன்றும் கேளுங்கள். ஐடஹோவோடு ஆடின அன்று பந்து வீசின பையன் டில்லன் கேப்ரியல், 49 தடவை வீசியதில் 41 தடவை கூட்டாளியின் கைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. கணக்குப் பார்த்தால் நூற்றுக்கு 84 பக்கம். அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. "தடுப்பு வரிசை ஓட்டை", "எல்லைக்கிட்டே போய்த் திணறினார்கள்" என்பதுதான் ஊர்ப் பேச்சு.

தோசை வார்க்கிற நமக்கு இந்த விஷயம் எளிது. முதல் தோசை கல்லில் ஒட்டும், ஓரம் பிய்யும். உடனே கல்லைத் தூக்கிக் குப்பையில் எறிகிறோமா? மாவைக் கொட்டிவிடுகிறோமா? இல்லை. அதற்காக "அருமையான தோசை" என்று பொய்யும் சொல்வதில்லை. சூடு ஏறவில்லையா, எண்ணெய் போதவில்லையா, மாவு புளிக்கவில்லையா என்று ஒரு பார்வை பார்த்து, வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி எண்ணெயில் தொட்டுக் கல்லைத் தேய்த்துவிட்டு அடுத்த கரண்டி ஊற்றுகிறோம். அந்த அணியும் அதைத்தான் செய்தது. தடுப்பு வரிசையில் ஆட்களை இடம் மாற்றிப் பார்த்தார்கள். செப்டம்பர் 14-ல் பக்கத்து ஊர்க்காரர்களான ஆரிகன் ஸ்டேட்டை, அவர்கள் மைதானத்திலேயே, 49-க்கு 14 என்று ஜெயித்தார்கள். அப்புறம் நிற்கவில்லை. தொடர்ந்து 13 ஆட்டம் ஜெயித்து முதல் இடத்துக்கே வந்துவிட்டார்கள். 2025 ஜனவரி 1-ல் ஒஹையோ ஸ்டேட்டிடம் 41-க்கு 21 என்று தோற்றதுதான் அந்தப் பருவத்தில் அவர்களுடைய ஒரே தோல்வி.

"பார்த்தீர்களா, கடைசியில் தோற்றார்களே!" என்று யாராவது கேட்கலாம். சரி, அதே பருவத்தில் மற்ற இருவர் கதையைப் பாருங்கள். ஆரிகன் பாய்ஸியிடம் தப்பின அதே செப்டம்பர் 7-ல், நோட்டர் டேம் என்ற புகழ் பெற்ற அணி சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாய் என்ற சின்ன அணியிடம் 16-க்கு 14 என்று தோற்றே போனது. அந்த நோட்டர் டேம்தான் 2025 ஜனவரி 20-ல் இறுதி ஆட்டம் ஆடியது. அவர்களை ஜெயித்துக் கோப்பை வாங்கின ஒஹையோ ஸ்டேட்டோ, அதற்கு முன் ஆரிகனிடம் 31-க்கு 32 என்றும், மிச்சிகனிடம் 10-க்கு 13 என்றும் இரண்டு தடவை தோற்ற அணி! செப்டம்பர் மாதத்து முகச் சுளிப்பை நம்பி ஜாதகம் எழுதினவர்கள் எல்லாரும் ஏமாந்தார்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். காலாண்டுப் பரீட்சையில் பிள்ளை 92 வாங்கி வருகிறது. "மீதி 8 எங்கே?" வகுப்பில் மூன்றாவது ரேங்க். "மற்ற இரண்டு பேரும் என்ன, வேறே சோறா சாப்பிடறாங்க?" இந்த வசனங்களை நீங்கள் கேட்டதில்லையா? ஜெயித்துவிட்டு வாசல்படி ஏறின குழந்தை, தோற்ற குழந்தையாக உள்ளே போகிறது.

ராபர்ட் சியால்டினி என்ற மனநூல் பேராசிரியரும் அவருடைய கூட்டாளிகளும் 1976-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். ஏழு பல்கலைக்கழகங்களில், தங்கள் ஃபுட்பால் அணி ஜெயித்த வாரத்தின் திங்கட்கிழமையில் கல்லூரிப் பெயர் போட்ட சட்டை அணிந்து வந்த மாணவர்கள் அதிகம். தோற்ற வாரம் குறைவு. பேச்சிலும் அப்படியே. ஜெயித்தால் "நாங்கள் ஜெயித்தோம்", தோற்றால் "அவர்கள் தோற்றுவிட்டார்கள்" என்று சொல்லும் வழக்கம் தெரிந்ததாம். எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளை பரிசு வாங்கினால் "என் பையன்", கணக்கில் கோட்டை விட்டால் "உங்க பையன் பண்ணினதைப் பார்த்தீங்களா?" இதைக் கண்டுபிடிக்க நமக்குப் பேராசிரியர் வேண்டுமா, என்ன!

ஆனால் அடுத்த ஆராய்ச்சி சிரிக்கிற விஷயம் இல்லை. டேவிட் கார்ட், கார்டன் டால் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2011-ல் வெளியிட்டது. அது கல்லூரி ஆட்டம் அல்ல, சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணிகளின் ஃபுட்பால். போலீஸ் பதிவுகளை வைத்துப் பார்த்தார்கள். நிச்சயம் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த உள்ளூர் அணி தோற்கிற நாட்களில், ஆண்கள் வீட்டில் மனைவியையும் தோழியையும் அடிக்கிற சம்பவங்கள் 10 சதவீதம் கூடின. 'யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்' என்றிருந்த ஆட்டத்தில் தோற்றால் அப்படிக் கூடவில்லை. தோல்வி இரண்டிலும் ஒன்றுதான். முன்கூட்டியே மனசில் கட்டி வைத்த கோட்டைதான் வித்தியாசம். அது இடிந்தால், இடிபாடு விழுவது பக்கத்தில் நிற்கிற பெண்ணின் மேல்!

கை ஓங்குகிறவனுக்கு ஆட்டம் ஒரு சாக்கு, குற்றம் அவனுடையதுதான். அங்கே ஃபுட்பால் என்றால் இங்கே கிரிக்கெட், சீட்டாட்டம், பிள்ளையின் மார்க். "ஏதோ கோபத்திலே அடிச்சிட்டார்" என்று மூடி மறைக்காதீர்கள். தமிழ்நாட்டில் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் பெண்களுக்கு உதவி கிடைக்கும். அந்த எண்ணை அடுக்களைச் சுவரில் குறித்து வையுங்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு உதவும்.

சரி, பிள்ளைகளின் 'சுமாரான வெற்றி'யை எப்படி எதிர்கொள்வது? எனக்குத் தோன்றுகிற சில யோசனைகள்:

1. முதல் கேள்வி மார்க்கைப் பற்றி வேண்டாம். "எந்தப் பேப்பர் உனக்கே பிடிச்ச மாதிரி எழுதினே?" என்று ஆரம்பியுங்கள். குழந்தை பேசும். பேசினால் குறையும் தானே வெளியே வரும்.

2. பரீட்சைக்கு முன்பே "என் பெண் முதல் ரேங்க்தான்" என்று உறவுக்கெல்லாம் பறை சாற்றாதீர்கள். கோட்டை கட்டுவது நாம். இடிபாட்டில் மாட்டுவது குழந்தை.

3. குறை இருந்தால் சொல்லத்தான் வேண்டும். பூசி மெழுகக் கூடாது. ஆனால் அன்றைக்கே, வாசலிலேயே வேண்டாம். சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு, ஒரே ஒரு குறை. கூடவே அதற்கு ஒரு வழி. சூடா, எண்ணெயா, மாவா என்று பார்க்கிற மாதிரி.

4. ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரே சொல் இருக்கட்டும்: 'நம்ம பிள்ளை'.

5. ரேங்க் என்பது மற்றவர்கள் போடுகிற எண். 3 என்றது 9 ஆகும், 9 என்றது 1 ஆகும். போன தடவை செய்ததைவிட இந்தத் தடவை ஒரு படி மேலா? குழந்தை தன்னைத்தானே பார்த்துக்கொள்ள வேண்டிய கண்ணாடி அதுதான்.

விளையாடுகிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு கைக்குறிப்பும் சொல்லிவிடுகிறேன். 2021 செப்டம்பர் 11-ல் நோட்டர் டேம், டொலீடோ என்ற சின்ன அணியை 32-க்கு 29 என்று தட்டுத் தடுமாறி ஜெயித்தது. கடைசி நிமிஷங்களில் பந்து வீசுகிற ஜாக் கோன் என்ற பையனுக்கு விரல் மூட்டு பிசகிவிட்டது. அணியின் சிகிச்சையாளர் மைதான ஓரத்திலேயே அதைச் சரியாகப் பொருத்த, பையன் உள்ளே போய் அடுத்த வீச்சிலேயே வெற்றிப் புள்ளியை வாங்கித் தந்தான்! படிக்க வீரமாகத்தான் இருக்கிறது. அவர் பயிற்சி பெற்றவர். நாம் அதைச் செய்யக் கூடாது. பிசகின விரலை இழுக்கவோ நீவவோ வேண்டாம்; எலும்பு முறிவும் சேர்ந்திருக்கலாம். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒற்றுங்கள். விரல் இருக்கிற நிலையிலேயே ஆடாமல் தாங்கலாக வைத்து டாக்டரிடம் அழைத்துப் போங்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துச் சரி செய்வார்கள். விரல் மரத்துப் போனாலோ நீலம் பாய்ந்தாலோ ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்காதீர்கள்.

சட்டையில் அழுக்கும் முழங்காலில் சிராய்ப்புமாக, "அம்மா, ஜெயிச்சிட்டோம்... ஆனா ஒரு கோல்தான்" என்று பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னால், அந்த 'ஆனா'வை அங்கேயே நிறுத்துங்கள். "ஜெயிச்சியா? சபாஷ்! கை கால் கழுவிட்டு வா, தோசை சூடா இருக்கு" என்று சொல்லுங்கள். மீதியை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம்.