அகராதிக்குப் பின்னால் ஒளிபவர்கள்

'அப்பிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லைத் 'திமிர் பிடித்த' என்று பெயர்த்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். பெங்களூரின் கருத்தரங்க அறைகளில் அச்சொல் என் காதில் அடிக்கடி விழுகிறது. கேள்வி கேட்ட மாணவர் வெளியேறிய பின்புதான் பெரும்பாலும் அது உச்சரிக்கப்படுகிறது. சொன்னவர் பொருளறியாமல் சொல்லிவிட்டார் என்ற சமாதானத்தை இனியும் ஏற்கக் கூடாது என்பதே என் வாதம்.

'அப்' என்றால் மேலே. 'அப்பிஷ்' என்ற மூத்த வடிவம் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே உண்டு. 'அப்பிட்டி'க்கு அகராதிகள் தரும் பழைய அச்சுச் சான்று, ஜோயல் சாண்ட்லர் ஹாரிஸ் 1880இல் வெளியிட்ட 'அங்கிள் ரீமஸ்' கதைகள். கதை சொல்பவர் கறுப்பின முதியவர். எழுதியவரோ ஜார்ஜியாவின் வெள்ளைப் பத்திரிகையாளர். அங்கே அது ஒரு சிட்டுக்குருவியைத்தான் சுட்டியது. பின்னர் அமெரிக்கத் தென்மாநிலங்களில், பிறர் கிழித்த கோட்டைத் தாண்டிய கறுப்பினத்தவர்மீது சுமத்தப்பட்டது. நிலக்கிழார் எத்துணை ஆணவம் கொண்டவராயினும் இச்சொல் அவருக்குப் பொருந்தாது. அவர் ஏறுவதற்குப் படி ஏது?

2008இல் ஜார்ஜியாவைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் லின் வெஸ்ட்மோர்லண்ட், ஒபாமா இணையரை இச்சொல்லால் குறித்தார். கண்டனம் எழுந்ததும், அகராதிப் பொருளில்தான் சொன்னேன், அதில் இனப்பழிப்பு இருப்பதை அறியேன் என்றார். அகராதி அவருக்குக் கேடயமாயிற்று. யார் யாரைப் பார்த்துச் சொல்வது என்பதைக் குறிக்காத பொருள்விளக்கம் இதற்குத்தான் பயன்படும்.

நம் மொழிகள் மேலானவை என்று நெஞ்சு நிமிர்த்தவும் வழியில்லை. தமிழில் 'கொழுப்பு', கன்னடத்தில் 'கொப்பு' (பகரத்தை மென்மையாக ஒலிக்கவும்), தெலுங்கில் 'கொவ்வு': மூன்றும் உடற்கொழுப்பையும் குறிக்கும், ஆணவத்தையும் குறிக்கும். 'சோற்றுக் கொழுப்பு' என்கிறோமே, அது யாருடைய சோறு? சொல்பவர் தம்மைப் படியளந்தவராகவே எண்ணிக்கொள்கிறார். உதவித்தொகை பெறும் ஆய்வாளரைப் பார்த்து முணுமுணுப்பதும் இதே மனம்தான். அத்தொகை பொதுப்பணம் என்பது அப்போது வசதியாக மறந்துவிடும்.

கர்நாடகத்திலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. பி. பசவலிங்கப்பா தேவராஜ் அர்ஸ் அமைச்சரவையில் இருந்த தலித் அமைச்சர். மனித மலத்தைத் தலையில் சுமக்கும் கொடுமைக்குத் தடை கொண்டுவந்தவர். 1973 நவம்பரில் மைசூரில் பேசியபோது, கன்னட இலக்கியத்தில் பெரும்பகுதி 'பூசா', அதாவது மாட்டுத்தீவனம் என்றார். தம் மொழி இலக்கியத்தைச் சாடாத நவீன விமர்சகர் எந்த மொழியில் இருக்கிறார்? அவர்கள் சாடினால் அதற்குக் கூர்மை என்று பெயர். பசவலிங்கப்பா சாடியபோது கலவரம் மூண்டது, தலித் மாணவர்கள் தாக்கப்பட்டனர், அவர் பதவி விலக நேர்ந்தது. அந்தக் கொந்தளிப்பின் தொடர்ச்சியாகவே எழுபதுகளில் தலித் சங்கர்ஷ சமிதி உருவாயிற்று. அவர் கூற்று சரியா தவறா என்று தாராளமாக விவாதிக்கலாம். விவாதம் ஏன் கற்களால் நடந்தது என்பதே என் கேள்வி.

"அப்படியானால் மாணவர்களிடம் ஆணவமே கிடையாதா?" என்று ஒரு மூத்த பேராசிரியர் என்னிடம் கேட்டார். உண்டு, ஐயா, பேராசிரியர்களிடமும் உண்டு. இதே நகரில், முதலீட்டாளர் கதவை இடித்துத் திறக்கும் இளைஞருக்குத் 'துணிச்சல்காரர்' என்ற பட்டம் கிடைக்கிறது. நெறியாளரின் தரவு அட்டவணையில் பிழையைச் சுட்டும் முதல் தலைமுறை ஆய்வாளருக்குக் கிடைப்பது வேறு பட்டம். அது பரிந்துரைக் கடிதத்தில் 'மனப்பான்மை' என்ற நாகரிகச் சொல்லாக நுழைந்து, அவர் பார்க்கவே முடியாத கோப்பில் தங்கிவிடுகிறது.

ஆகவே தேர்வுக்குழுக்களில் அமரும் நண்பர்களுக்கு ஒன்று: அடுத்த முறை ஒருவரின் 'மனப்பான்மை' குறித்து யாரேனும் குறைகூறினால், அவர் செய்தது என்ன, எந்த நாளில், யார் முன்னிலையில் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வரியைக் குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லுங்கள்.